இருபது கணினி, இருபது முகவரி

காலை முதல் பாடவேளை. ஆய்வகத்தில் இருக்கும் இருபது கணினிகளில் ஒன்றில் மட்டும் இணையம் வரவில்லை. கேபிளைக் கழற்றி மாட்டுகிறார்கள், அணைத்துப் போடுகிறார்கள், கடைசியில் ‘மெஷின் கெட்டுவிட்டது’ என்று தாள் ஒட்டி ஓரங்கட்டிவிடுகிறார்கள். பல நேரங்களில் கணினியில் எந்தக் கோளாறும் இருக்காது. அதற்கும் பக்கத்துக் கணினிக்கும் ஒரே ஐ.பி. முகவரி விழுந்திருக்கும்.

வலைப்பின்னலில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனி எண் வேண்டும். அதுதான் ஐ.பி. முகவரி. பழைய நான்காம் பதிப்பில் உலகம் முழுமைக்கும் இருப்பது சுமார் 429 கோடி எண்கள்தான். அது போதாது என்பதால், உள்வலைகளுக்கென்று சில எண் தொகுதிகளை 1994-இல் ஒதுக்கி வைத்தார்கள். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அப்படி வந்தவை. எந்தப் பள்ளியும் யாரிடமும் கேட்காமல் இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே வலைக்குள் ஓர் எண் இருவருக்குப் போகக் கூடாது.

கையால் எண் கொடுக்கும் ஆய்வகங்களில் இந்த விதி எளிதில் உடைகிறது. ஒரு கணினியில் எல்லா மென்பொருளையும் நிறுவி, அதன் வட்டை அப்படியே மற்றவற்றுக்கு நகலெடுப்பது வழக்கம். வட்டோடு சேர்ந்து முகவரியும் நகலாகிவிடும். பழுது பார்க்கப் போன கணினியின் எண்ணைப் புதிதாக வந்ததற்குக் கொடுத்திருப்பார்கள். பழையது திரும்பி வந்ததும் மோதல் தொடங்கும்.

இதற்கான தீர்வு 1993-இலேயே வந்துவிட்டது. டி.எச்.சி.பி. என்ற அந்த முறையில் ரவுட்டரோ சர்வரோ எண்களைப் பங்கிட்டுத் தரும். கணினி விழித்ததும் ‘எனக்கு முகவரி தருவார் உண்டா?’ என்று வலை முழுக்கக் கேட்கிறது. சர்வர் ஓர் எண்ணை முன்வைக்கிறது. கணினி ‘அதையே கொடுங்கள்’ என்கிறது, சர்வர் உறுதி செய்கிறது. நான்கே செய்திகள், பெரும்பாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். எண் நிரந்தரமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குத்தான் கிடைக்கிறது. பாதிக் காலம் கழிந்ததும் கணினி தானே புதுப்பிக்கக் கேட்கும்.

அந்தக் குத்தகைக் காலத்தைப் பள்ளிகள் கவனிப்பதே இல்லை. விண்டோஸ் சர்வரில் அது இயல்பாக 8 நாள். ஆய்வகத்தின் அதே வலையில் வைஃபையும் இருந்தால், ஒருமுறை இணைந்துவிட்டுப் போன கைபேசி ஒவ்வொன்றும் 8 நாள் வரை ஓர் எண்ணைப் பிடித்து வைத்திருக்கும். பங்கிட ஐம்பது எண்களே இருந்தால் சீக்கிரமே தீர்ந்துபோகும். கைபேசிகளைத் தனி வலைக்கு மாற்றுவதே நல்லது. முடியாவிட்டால் குத்தகையைச் சில மணி நேரமாகக் குறைக்கலாம்.

இன்னொரு தொல்லை, யாரோ நல்லெண்ணத்தில் கொண்டுவந்து சுவிட்சில் செருகும் வீட்டு வைஃபை ரவுட்டர். அதுவும் எண்களைப் பங்கிடத் தொடங்கிவிடும். எந்தச் சர்வரின் பதில் முந்துகிறதோ அதைக் கணினி ஏற்கும். அதனால் பாதி ஆய்வகம் ஓடும், பாதி ஓடாது. முகவரியைப் பார்த்தாலே காரணம் பிடிபடும். 169.254 என்று தொடங்கினால் எந்தச் சர்வரும் பதில் தரவில்லை, கணினி தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். பள்ளியின் தொகுதிக்குச் சம்பந்தமில்லாத 192.168 எண் தெரிந்தால், அந்நிய ரவுட்டரைத் தேட வேண்டும்.

பிரிண்டரும் பாடங்கள் இருக்கும் சர்வரும் மட்டும் எண் மாறாமல் இருக்க வேண்டியவை. அவற்றின் நெட்வொர்க் கார்டிலுள்ள மேக் எண்ணைப் பதிந்து, டி.எச்.சி.பி.யிலேயே முகவரியை ஒதுக்கிவிடலாம். முகவரியின் கடைசிப் பகுதியில் 1 முதல் 20 வரை இப்படிப்பட்டவற்றுக்கு, 101 முதல் 200 வரை பங்கீட்டுக்கு என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இராது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் மாணவர்கள் இணையவழித் தேர்வும் எழுதுகிறார்கள். அந்த நேரத்தில் ஒரு கணினி முடங்கினால் இழப்பு, முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான். ஜூனில் பள்ளி திறக்கும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். எந்தக் கருவிக்கு எந்த எண், பங்கீடு எதிலிருந்து எதுவரை என்று ஒரே தாளில் எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டுங்கள். ரவுட்டரின் கடவுச்சொல்லைத் தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டி வையுங்கள். ஆசிரியர் மாறுதலாகிப் போனாலும், அடுத்து வருபவர் அந்தத் தாளைப் பார்த்தே வேலையைத் தொடங்கிவிட முடியும்.