புது மாடலுக்குக் காத்திருப்பவர்களே, முதலில் பில்லைக் கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு அச்சன்புதூர், கடையநல்லூர், வடகரைப் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிஎஸ் ஃபைவ். அப்பா துபாயிலோ தம்மாமிலோ இருப்பார். "இப்பவே வாங்கிருவோமா, புது மாடல் வர்ற வரைக்கும் பொறுப்போமாப்பா?" என்று போனில் வாரக்கணக்காக ஓடும். யூடியூபில் ஆளுக்கொரு வீடியோ பார்த்து வேகம், கிராபிக்ஸ், சூடு, சத்தம் எல்லாவற்றையும் அலசி முடித்திருப்பார்கள். கடைசியில் ஐம்பதாயிரத்துக்கு மேல் எண்ணிக் கொடுத்துவிட்டு வரும்போது கையில் இருப்பது 'எஸ்டிமேட்' என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு. அதில் சீரியல் நம்பர் கிடையாது, ஜிஎஸ்டி எண் கிடையாது, கடையின் பெயர்கூட ரப்பர் ஸ்டாம்பில் பாதிதான் விழுந்திருக்கும்.

மூன்று மாதத்தில் டிஸ்க் டிரைவ் மக்கர் பண்ணுகிறது. கடைக்காரர் "கம்பெனி சர்வீஸுக்குப் போங்க தம்பி" என்கிறார். சர்வீஸ் சென்டரில் "இது இந்தியப் பெட்டி இல்லை" என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் நம் ஆட்கள் சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டு வருகிறார்கள். ஒவ்வொரு வருடமும் இதே கதை.

முதலில் அந்தக் 'காத்திருப்பு' விஷயத்தை முடித்துவிடுவோம். டிவி, செல்போன் மாதிரி நாள் போகப் போக விலை குறையும் என்ற கணக்கு இந்தத் தலைமுறைக் கன்சோல்களில் எடுபடவில்லை. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2-ல் வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய். 2022 நவம்பரில் அதே பெட்டி 54,990 ஆனது. இளைத்த 'ஸ்லிம்' மாடல் 2024 ஏப்ரலில் வந்தபோதும் அதே 54,990-தான். அமெரிக்காவிலேயே 2025 ஆகஸ்டில் சோனி விலையை 50 டாலர் ஏற்றியது. திருத்திய மாடல் என்றால் எல்லாம் கூடும் என்பதும் இல்லை. 2025-ல் ஐரோப்பாவில் விட்ட புதிய டிஜிட்டல் மாடலில் சேமிப்பிடம் 1 டெராபைட்டிலிருந்து 825 ஜிகாபைட்டாகக் குறைந்தது. ஆகவே பொறுப்பதில் லாபம் நிச்சயமில்லை. பையன் இப்போதே விளையாடப் போகிறான், கையில் காசும் இருக்கிறது என்றால் வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. ஆனால் எதை, யாரிடம், என்ன காகிதத்தோடு என்பதில் மட்டும் அவசரம் வேண்டாம்.

அடுத்தது பிஎஸ் 5 ப்ரோ. உலகச் சந்தைக்கு 2024 நவம்பர் 7-ல் வந்த இந்த மாடல் அன்று இந்தியாவுக்கு வரவில்லை. அதிலுள்ள புதிய வைஃபை 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுவது. அந்த அலைவரிசையை இங்கே அப்போது திறந்துவிடவில்லை. சோனியே காரணத்தைச் சொல்லிவிட்டது. அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதிக்கு உரிமத் தேவையை நீக்கும் வரைவு விதிகளைத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம்தான் வெளியிட்டது. ஆனால் 2024 கடைசியிலேயே நம் பக்கத்துக் கடைகளின் ஸ்டேட்டஸில் 'ப்ரோ ஸ்டாக் வந்துவிட்டது' என்று படம் ஓடியது. எப்படி வந்தது? சூட்கேஸில் வந்தது. விதி தளர்ந்து நாளைக்கே அந்த மாடல் முறையாக இங்கே விற்பனைக்கு வந்தாலும், நேற்று சூட்கேஸில் வந்த பெட்டி இந்திய வாரண்டிப் பெட்டியாக மாறிவிடாது. இதை இரண்டு முறை படியுங்கள். "லாஞ்ச் ஆனதும் வாரண்டி ஆக்டிவேட் ஆயிரும்" என்று சொல்லி விற்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன். நிண்டெண்டோ நிலைமை இன்னும் மோசம். 2017-ல் வந்த முதல் ஸ்விட்ச்சும் சரி, 2025 ஜூன் 5-ல் வந்த ஸ்விட்ச் 2-ம் சரி, அந்த நிறுவனம் இந்தியாவில் நேரடியாக விற்பனைக்கு விடவில்லை.

மாமாவோ சித்தப்பாவோ ஊருக்கு வரும்போது வாங்கி வருவது வேறு. சொந்த உபயோகத்துக்குக் கொண்டுவருவதில் தவறில்லை. திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இறங்குகிறவருக்கு வரிவிலக்கு வரம்பு உண்டு. பல ஆண்டுகள் அது 50,000 ரூபாயாக இருந்தது. டிக்கெட் போடும்போதே சுங்கத்துறை இணையதளத்தில் நடப்பு வரம்பைப் பார்த்துவிடுங்கள். கணவன், மனைவி இருவரின் வரம்பையும் ஒரே பொருளுக்குச் சேர்த்துக் கணக்குப் பண்ண முடியாது. வெளிநாட்டுக் கடையின் பில் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். அங்கே வாங்கியதற்கு வாரண்டியும் அங்கேதான். பழுதானால் அடுத்த விடுமுறையில் திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான். இதெல்லாம் தெரிந்து வாங்குகிறவருக்கு நான் சொல்ல எதுவுமில்லை. தெரியாமல், அதே பெட்டியைத் தென்காசியிலோ செங்கோட்டை தாண்டிப் புனலூரிலோ கடைவிலைக்கு வாங்குகிறவருக்காகத்தான் இவ்வளவும்.

கடையில் பெட்டியைக் கையில் கொடுத்ததும் படம் போட்ட பக்கத்தைப் பார்க்காதீர்கள். திருப்பி, ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தைப் பாருங்கள். சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருட்கள் விதிகள், 2011-ன்படி இறக்குமதிப் பொருளில் இறக்குமதி செய்த இந்திய நிறுவனத்தின் பெயர், முழு முகவரி, எந்த நாட்டில் செய்தது, மாதம், ஆண்டு, எல்லா வரியும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் அச்சாகியிருக்க வேண்டும். விலை திர்ஹாமிலோ டாலரிலோ இருந்தாலும், விலையே இல்லாவிட்டாலும், அந்தப் பெட்டி முறையான வழியில் கடைக்கு வந்ததல்ல. எம்.ஆர்.பி. மேல் இன்னொரு ஸ்டிக்கர் ஒட்டி விலை ஏற்றியிருந்தால் அதுவும் குற்றம். புது மாடல் வந்த பிறகு பழைய சரக்கைத் தள்ளிவிடுகிறார்களா என்பதையும் அந்த மாதம், ஆண்டு வரியே காட்டிக்கொடுக்கும்.

அதே பக்கத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். வீடியோ கேம் கருவிகள் 2012-ஆம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையின் முதல் பட்டியலிலேயே இடம்பெற்றவை. 'பிஐஎஸ் கேர்' என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த நிறுவனத்துக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். கடையில் நின்றபடியே செய்யலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவே பாதிப் பதில்.

இந்தப் பெட்டிகளைப் பார்க்க வேண்டியது யார் தெரியுமா? தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் தொழிலாளர் துறையின் கையில் இருக்கிறது. தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் புகார் தர வேண்டும். காய்கறிக் கடைத் தராசையும் மீன் கடை எடைக்கல்லையும் பறிமுதல் பண்ணிப் பத்திரிகைக்குப் படம் கொடுக்கிறவர்கள், எம்.ஆர்.பி.யே இல்லாத ஐம்பதாயிரம் ரூபாய்ப் பெட்டி கண்ணாடி அலமாரியில் பளபளப்பதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. ஸ்டிக்கர் இல்லாத பக்கத்தைப் போட்டோ எடுத்து, கடை முகவரியோடு எழுதிக் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்தும் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து, மனு எண் போட்ட ரசீதை வாங்காமல் கிளம்பாதீர்கள்.

இப்போது பில். எஸ்டிமேட் பில் ஆகாது. டெலிவரி சலான் பில் ஆகாது. வாட்ஸ்அப்பில் வந்த 'பேமண்ட் ரிசீவ்ட்' செய்தியும் பில் ஆகாது. கடையின் 15 இலக்க ஜிஎஸ்டி எண் அதில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடையென்றால் 33 என்றும், கேரளக் கடையென்றால் 32 என்றும் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடையின் பெயர் வரும். மாடல் எண்ணையும் சீரியல் நம்பரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள நம்பரும் கருவியின் மேலுள்ள நம்பரும் ஒன்றுதானா என்று பிரித்துப் பாருங்கள். 'ஒன் கேம் கன்சோல்' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எந்தப் பெட்டிக்கு வாரண்டி கேட்பீர்கள்? "பில் வேணும்னா நாலாயிரம் கூட ஆகும்" என்பார்கள். எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரியும் சேர்ந்தது. பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2(47) பிரிவின்படி முறையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பிரிவில் வருகிறது. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற போர்டுக்குப் பயந்து திரும்பி வராதீர்கள். பழைய, பழுது பார்த்த கருவியைப் புதிது என்று சொல்லி விற்பதற்கும் இதே பிரிவுதான்.

"கன்சோல் வேணும்னா ரெண்டு கேமும் கூட ஒரு கன்ட்ரோலரும் சேர்த்துத்தான்" என்று கட்டுவதும் உண்டு. 2021-ல் சரக்குத் தட்டுப்பாடு இருந்தபோது இந்தியா முழுக்கக் கடைகள் இந்த வேலையைச் செய்தன. இது அதே சட்டத்தின் 2(41) பிரிவில் சொல்லும் கட்டுப்படுத்தும் வணிக நடைமுறை. நீங்கள் வாங்கி ஒரு வாரத்தில் புது மாடல் அறிவித்துவிட்டார்கள் என்பதற்கு மட்டும் பரிகாரம் கிடையாது. அது உங்கள் அதிர்ஷ்டம், அவ்வளவுதான்.

வரப்போகும் மாடலுக்கு அட்வான்ஸ் கொடுப்பவர்கள் மாடல் எண், மொத்த விலை, தரும் தேதி, தராவிட்டால் பணம் திரும்பும் தேதி ஆகிய நான்கையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்பவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இன்ஸ்டாகிராமில் பாதி விலைக்கு 'ப்ரீ புக்கிங்' என்று க்யூஆர் கோடு வந்தால் அது நூற்றுக்கு நூறு மோசடி. பணம் போய்விட்டதென்றால் பையனைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொண்டு உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு வேறு கணக்குக்கு நழுவும்.

கடைக்காரர் மசியவில்லை என்றால் வாய்ச்சண்டை வேண்டாம். ஒரு பக்கத்தில் கடிதம் எழுதுங்கள். வாங்கிய தேதி, கொடுத்த தொகை, சீரியல் நம்பர், என்ன பழுது, மாற்றுப் பொருளா பணமா எது வேண்டும், 15 நாள் கெடு. விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 2025 செப்டம்பரிலிருந்து பழைய பதிவுத் தபால் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டதால், கவுண்டரில் 'பதிவோடு' என்று கேட்டு வாங்க வேண்டும். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசுங்கள். காலை 8 முதல் இரவு 8 வரை, தமிழிலேயே பேசலாம். ஆனால் 1915-ல் புகார் எண் வாங்கியது வழக்குப் போட்டதாகாது. அவர்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பார்கள், உத்தரவு போட மாட்டார்கள். இந்த ஒரு குழப்பத்தில் கெடுவைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

வழக்கு என்பது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கடை சென்னையில் இருந்தாலும் பெங்களூரில் இருந்தாலும், 34-ஆம் பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். 2025 ஜனவரி முதல், ஆன்லைனில் வழக்குத் தாக்கல் செய்ய இருந்த பழைய 'இ-தாக்கில்' தளத்தின் இடத்தில் 'இ-ஜாக்ருதி' தளம் வந்துவிட்டது; செல்போன் எண் கொடுத்துப் பதிவு செய்து வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். தென்காசி மாவட்டம் 2019 நவம்பரில்தான் நெல்லையிலிருந்து பிரிந்தது. ஆதாரில் திருநெல்வேலி என்று இன்னும் வைத்திருப்பவர்கள் எந்த ஆணையத்தில் பதிய வேண்டும் என்று 1915-ல் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். தேதிவாரியான சுருக்கம், புகார் மனு, நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், பில், பெட்டி ஸ்டிக்கரின் போட்டோ, கடித நகல், அஞ்சல் ரசீது, சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட் இவ்வளவும் பிடிஎஃப் ஆக வேண்டும். ஜாப் ஷீட்டில் 'வாரண்டி இல்லை' என்பதற்கான காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். வாயால் சொன்னது ஆணையத்தில் நிற்காது. விசாரணைக்கு வீடியோ வழியாக ஆஜராக விண்ணப்பிக்கலாம். சட்டப்புத்தகம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடப்பில் அதை நம்பிக் காலண்டரில் குறிக்காதீர்கள்.

வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டு, 69-ஆம் பிரிவு. "அடுத்த மாசம் பாத்துக்கலாம் அண்ணாச்சி" என்று கடைக்காரர் சொல்லிக்கொண்டே போகும் மாதங்களும் அந்த இரண்டு ஆண்டுக்குள்தான் ஓடுகின்றன.