ஒட்ட இடமில்லாத குடல்

கேமரன் மலைத் தேயிலைச் சரிவில் இரவோடு இரவாக மண்ணைக் கிளறிவிட்டுப் போகும் காட்டுப்பன்றியும், பிரிஞ்சாங் சீனர் கடையில் ஸ்டீம்போட் சட்டிக்குள் போகும் வளர்ப்புப் பன்றியும் ஒரே உயிரினம்தான். குட்டிகள் வளரும் விதம்தான் வேறு. காட்டில் குட்டி மாதக்கணக்கில் தாய்ப்பால் குடித்தபடியே கிழங்குக்கும் புழுவுக்கும் மெல்லப் பழகும். பண்ணையில் 3 அல்லது 4 வாரத்திலேயே தாயிடமிருந்து பிரித்து, வேறு கொட்டிலில் அடைத்து, தீவனத்தை முன்னால் வைத்துவிடுவார்கள். கழிச்சல் நோய் அந்த நாட்களுக்காகவே காத்திருந்ததுபோல வரும். சில குட்டிகள் நீராகக் கழிந்து, உடம்பு வற்றிச் சாகும். அதே தொட்டியில் தின்ற வேறு சில குட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது.

இந்த வேறுபாட்டின் காரணத்தை 1975இல் இங்கிலாந்தின் காம்ப்டன் ஆய்வு நிலைய விஞ்ஞானிகள் காட்டினார்கள். பன்றிகளின் சிறுகுடல் செல்களைச் சுரண்டி எடுத்து, கழிச்சலை உண்டாக்கும் இ.கோலை பாக்டீரியாவோடு கலந்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சில பன்றிகளின் செல்களில் பாக்டீரியா கொத்துக்கொத்தாக ஒட்டியது. வேறு சிலவற்றில் ஒட்டவே இல்லை. ஒட்டுவதும் ஒட்டாததும் பரம்பரையாக வருவது என்றும் தெரிந்தது.

இந்த பாக்டீரியாவின் உடம்பெங்கும் மெல்லிய இழைகள் உண்டு. அவற்றால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டால்தான் அங்கே தங்கிப் பெருகி நஞ்சைக் கக்க முடியும். பற்றிக்கொள்ள ஏற்பி என்னும் பிடிமானம் குடல் சுவரில் இல்லையென்றால் மலத்தோடு வெளியேறிவிடும். ஆக, நாம் ‘எதிர்ப்புச் சக்தி’ என்று சொல்வது இங்கே சக்தியே அல்ல. கைப்பிடி இல்லாத கதவு மாதிரி, ஓர் இல்லாமை.

இழைகளில் எஃப்4, எஃப்18 என்று முக்கியமான இரண்டு வகைகள். எஃப்18 வகைக்கான ஏற்பியை 1990களில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து, பன்றியின் 6ஆம் குரோமோசோமில் உள்ள எஃப்.யூ.டி.1 என்ற மரபணுவில் போய் நின்றார்கள். அந்த மரபணுவின் 307ஆவது இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால், ஏற்பிக்கு வேண்டிய சர்க்கரை மூலக்கூறு உருவாவதில்லை. மாறிய பிரதி தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் வந்தால் பயனில்லை. இதே மரபணுவின் மனித வடிவம் பழுதானவர்களை இந்தியா நன்கு அறியும். 1952இல் மருத்துவர் ஒய்.எம். பெண்டே குழுவினர் கண்டறிந்த ‘பம்பாய் ரத்த வகை’க்காரர்கள் அவர்கள்.

அப்படியானால் எல்லாப் பன்றியையும் அப்படியே உருவாக்கிவிடலாமே? அங்கேதான் சிக்கல். சுவிஸ் பன்றிகளில் இந்த நல்ல பிரதிக்கு மிக அருகில், அதே குரோமோசோமில், பதற்றத்தில் பன்றி செத்துவிழக் காரணமான ஒரு கெட்ட மரபணு உட்கார்ந்திருந்தது. லாரியில் ஏற்றினாலே சில பன்றிகள் சாகும். இறைச்சியும் வெளிறி, நீர் விட்டுப்போகும். அதைக் களைய முயன்றபோது கழிச்சலைத் தடுக்கும் பிரதியும் சேர்ந்து குறைந்தது.

எஃப்4 விஷயத்தில் பொறி இன்னும் நுட்பமானது. ஏற்பி இல்லாத தாய்ப்பன்றியின் குடலில் அந்த பாக்டீரியா தங்குவதில்லை. அதனால் அவள் உடலில் எதிர்ப்பொருள் போதுமான அளவு உருவாவதில்லை, சீம்பாலிலும் இறங்குவதில்லை. தந்தை ஏற்பி உள்ளவன் என்றால் குட்டிகளுக்கு ஏற்பி இருக்கும், பாதுகாப்பு இருக்காது. தாய் நோயிலிருந்து தப்பியதன் விலையைக் குட்டிகள் கொடுக்கும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, மருந்து போட்டால் போதாதா என்றுதான் பல காலம் பண்ணைகள் நினைத்தன. தீவனத்தில் கோலிஸ்டின் கலந்தார்கள். அது மனிதர்களுக்கு வேறெந்த ஆண்டிபயாட்டிக்கும் கேட்காதபோது மருத்துவர் கையிலெடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று. 2015இல் சீனப் பன்றிகளில், கோலிஸ்டினை முறியடிக்கும் எம்.சி.ஆர்.1 மரபணு ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவது தெரியவந்தது. 2019இல் மலேசியாவும் இந்தியாவும் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தன. மரபணு வழியை இனி ஆய்வகச் சமாச்சாரம் என்று ஒதுக்க முடியாது என்பது என் எண்ணம்.

அதற்காக இதைச் சர்வரோக நிவாரணி என்று யாரும் விற்க வேண்டாம். கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியே இறங்கினால் வரும் கிந்தா வட்டாரத்தில்தான் 1998இல் நிப்பா வைரஸ் தலைகாட்டியது. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள்; பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. இந்த வைரஸ் பற்றிக்கொள்ளும் எஃப்ரின்-பி2 புரதம் ரத்தக் குழாய்கள் உருவாகவே தேவையானது. அதை நீக்கிய எலிகள் கருவிலேயே இறந்தன. அந்தக் கதவிலிருந்து கைப்பிடியைக் கழற்ற முடியாது.

எஃப்4 விஷயத்தில் ஒரு பண்ணைக்காரர் செய்யக்கூடியது எளிது. ஆண் பன்றியையோ விந்தையோ வாங்கும்போது மரபணுச் சோதனை முடிவைக் கேட்கலாம். முதலில் ஏற்பி இல்லாததாக மாற்ற வேண்டியது ஆண் பன்றியைத்தான். ஏற்பி உள்ள பழைய தாய்ப்பன்றிகளின் சீம்பால் முதல் தலைமுறையைக் காக்கும். அவற்றின் பெண் குட்டிகளை மீண்டும் ஏற்பி இல்லாத ஆணோடு சேர்த்தால், ஈனும் குட்டிகளில் சுமார் பாதிக்கு ஏற்பி இருக்காது.