ஆச்சியின் மஞ்சள் பை

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் மேலகரம். சாரல் காலத்தில் இங்கே துணி காயாது. காகிதமும் நமத்துப் போகும்.

எங்கள் தெரு ஆச்சி ஒருவர், டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுகளை மஞ்சள் பையில் போட்டு, ஜன்னல் ஓரம் ஆணியில் மாட்டியிருந்தார். சாரல் அடித்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. ஆச்சிக்கு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாது. அதன் பெயர் அந்தச் சீட்டில்தான் இருந்தது! நல்லவேளை, அதே டாக்டரிடம் போய்க் கேட்டு, மறுபடி எழுதி வாங்கி வந்தார்கள்.

ஏழாம் வகுப்பு படிக்கும் பேரன், "இனிமே எல்லாத்தையும் செல்போன்லயே வச்சுக்கலாம் ஆச்சி" என்று ஒரு செயலியைத் திறந்தான். ஆச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏல, எறும்பு ஊருத மாதிரில்லா இருக்கு!" என்றார்.

எழுத்து அவ்வளவு சின்னது. அதுவும் ஆங்கிலம். உள்ளே நுழைய ஓ.டி.பி. எண் வேண்டும். அதுவோ சென்னையில் இருக்கும் மகனின் செல்போனுக்குப் போனது. அவர் வேலையில் இருந்தார். போனை எடுப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

ஆச்சிக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று நினைக்காதீர்கள். நம் உடல்நல விவரங்களை இணையத்தில் சேர்த்து வைக்க, கூகுள் நிறுவனம் 2008-ல் 'கூகுள் ஹெல்த்' என்ற சேவையைத் தொடங்கியது. பல விவரங்களை நாமே தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் சேரவில்லை. 2012 ஜனவரி 1-ல் மூடிவிட்டார்கள். மைக்ரோசாப்ட் 2007-ல் தொடங்கிய 'ஹெல்த்வால்ட்' சேவையும் 2019-ல் நின்றுபோனது.

நம் நாட்டில் இதற்காக 'ஆபா' என்ற 14 இலக்க எண் தருகிறார்கள். 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்ட திட்டத்தில் இது வருகிறது. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளே நம் விவரங்களை இந்த எண்ணோடு இணைக்கலாம். நாம் சம்மதித்தால்தான் இன்னொரு டாக்டர் அவற்றைப் பார்க்க முடியும். சேருவது கட்டாயமில்லை.

எந்தச் செயலியாக இருந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். எழுத்தைப் பெரிதாக்க முடிகிறதா? தமிழில் இருக்கிறதா? வீட்டுப் பெரியவர் தானே திறந்து பார்க்க முடிகிறதா? மூன்றாவது கேள்விதான் முக்கியம். நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது ஆச்சிக்கு உடம்பு சரியில்லை என்றால், யார் திறப்பது?

அப்புறம் பேரன் என்ன செய்தான் தெரியுமா? செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கினான். ஆச்சியின் சொந்த எண்ணையே பதிந்து கொடுத்தான். "ஓ.டி.பி. எண்ணை யார் போன் போட்டுக் கேட்டாலும் சொல்லக்கூடாது" என்று பழக்கினான். கூடவே ரத்த வகை, சாப்பிடும் மாத்திரை, ஒத்துக்கொள்ளாத மருந்து மூன்றையும் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, டாக்டரிடம் காட்டிச் சரிபார்த்தான். அட்டையை பிளாஸ்டிக் உறையில் போட்டு அதே மஞ்சள் பையில் வைத்தான். கரண்டு இல்லாவிட்டாலும், செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அது உதவும் அல்லவா?

இன்று மாலை உங்கள் தாத்தா, பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: "உங்களுக்கு ஒத்துக்காத மருந்து ஏதாவது உண்டா?" பதிலை மறக்காமல் எழுதி வையுங்கள், செல்லங்களே!