லண்டன் – பாரிஸ்: அரை மணி நேர தூரத்துக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்?

பாரிஸில் மாலை 7 மணிக்குக் கிளம்பும் விமானம் லண்டனில் 7.20-க்கு வந்துவிடும் என்கிறது டிக்கெட். எதிர்த்திசையில் 7 மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேர 9.20 ஆகும். மாயம் ஒன்றுமில்லை. பாரிஸ் கடிகாரம் லண்டனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. கோடைக்காக முள்ளை நகர்த்துவதையும் இரு ஊரிலும் ஒரே நாளில் செய்வதால், வருடம் முழுக்க இந்த வித்தியாசம் மாறாது. போக, வர இரண்டுக்கும் பயண நேரம் ஏறக்குறைய 1 மணி 20 நிமிடம்தான்.

ஆனால் இரு நகரங்களுக்கும் இடையே நேர்கோட்டில் சுமார் 344 கிலோமீட்டர்தானே? மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அரை மணி நேரம்கூட ஆகாது. மிச்ச நேரம் எங்கே போகிறது?

டிக்கெட்டில் போடுவது பறக்கும் நேரத்தை அல்ல. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்து விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, அடுத்த ஊரில் மறுபடி கட்டை வைக்கும் வரைக்குமான கணக்கு அது. துறைக்காரர்கள் 'பிளாக் டைம்' என்பார்கள். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஓடுபாதை இரண்டே இரண்டு. முன்னால் நிற்கும் விமானத்தின் வாலைப் பார்த்துக்கொண்டே ஊர்ந்து போக வேண்டும். மேற்குக் காற்று வீசினால், அங்கே பெரும்பாலும் அப்படித்தான், மேற்கே பார்த்து எழும்பி, பிறகு வளைந்து தென்கிழக்கே இருக்கும் பாரிஸ் பக்கம் திரும்பும். பாரிஸின் சார்ல் த கோல் நிலையத்திலும் அதே காற்றை எதிர்த்து இறங்க, நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். ஏறி முடித்த சற்று நேரத்திலேயே இறக்கம் தொடங்கிவிடும். காபி கொடுத்த கையோடு கோப்பையைத் திரும்ப வாங்க வந்துவிடுவார்கள். லண்டன் திரும்பும்போது நெரிசல் என்றால் வானத்திலேயே வட்டமடிக்க விடுவதும் உண்டு.

இதையெல்லாம் யோசித்து விமான நிறுவனங்கள் நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டு வைக்கின்றன. பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்று அறிவித்தால் நான் கைதட்டுவதில்லை.

இதைவிட அதிக நேரம் பிடித்த காலமும் உண்டு. 1919 ஆகஸ்ட் 25 அன்று, இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத் மைதானத்திலிருந்து பாரிஸின் லெ பூர்ஜே நிலையத்துக்குத் தினசரி விமானப் போக்குவரத்து தொடங்கியது. அப்போது சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது. இன்று கடலடிச் சுரங்கம் வழியாக யூரோஸ்டார் ரயில் அதற்குச் சற்றுக் குறைவாக, சுமார் 2 மணி 20 நிமிடத்தில் போகிறது. தண்டவாளம் சுற்றுவழி, 490 கிலோமீட்டர் பக்கம் வரும். ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போய்ப் பாஸ்போர்ட் காட்டவும் வேண்டும். ஆனால் சார்ல் த கோல் பாரிஸிலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ரயிலோ ஊருக்குள்ளேயே, கார் து நோர் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். லண்டனிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வரும் நம்மவர்களுக்கு அங்கிருந்து லா சப்பல் தமிழ்க் கடைத்தெரு நடக்கிற தூரம்தான்.