ஓர் ஆண்டில் இரு கதவங்கள்

பாரத நாட்டின் அண்மைக்கால வரலாற்றைக் கற்போர் 1835ஆம் ஆண்டினைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அவ்வாண்டிற் கிழக்கிந்தியக் கும்பனியாட்சி கீழைக்கல்விக்கு ஒரு கதவத்தை அடைத்தது. அச்சுத்தொழிலுக்கு ஒரு கதவத்தைத் திறந்தது. ஈரிடத்தும் எழுதுகோல் பிடித்தவர் மெக்காலே ஒருவரே என்பது வியத்தற்குரியது.

1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இந்தியரின் கல்விக்கென ஆண்டுதோறும் ஓர் இலட்சம் ரூபாவுக்குக் குறையாத தொகையை ஒதுக்கியது. வடமொழி, அரபு, பாரசீகம் என்பவற்றுக்கே அது உரியதென்றனர் ஒரு சாரார். ஆங்கிலத்துக்கே உரியதென்றனர் மற்றொரு சாரார். பொதுக்கல்விக் குழுவினர் இரு கூறாகப் பிரிந்து நின்றனர். அவ்வேளையில், ஆட்சிமன்றத்தின் சட்ட உறுப்பினராயிருந்த மெக்காலே, 1835 பெப்புருவரி 2ஆம் நாள் தமது குறிப்பை வரைந்தார். வடமொழியும் அரபும் தாம் அறியாதன என்று ஒப்பிய அவரே, அவற்றின் நூற்செல்வம் முழுவதும் ஐரோப்பிய நூலகத்தின் ஒரு தட்டுக்கு ஈடாகாதெனத் தீர்ப்புங் கூறினார். நாட்டுமொழிகளிற் கலையறிவு இல்லையென்பதும் அவர் துணிபு. கல்லாத நூலுக்குக் குற்றங் கூறுதல் நடுவுநிலைமையாமோ?

மார்ச்சு 7ஆம் நாள் பெந்திங்குப் பிரபுவின் ஆணை பிறந்தது. கீழைக் கல்லூரிகள் மூடப்பட்டில. ஆயின், அவற்றிற் புதிதாகச் சேரும் மாணாக்கர்க்கு உதவிப்பணம் நின்றது. கீழைமொழி நூல்களை அச்சிடும் பணமும் நின்றது. கல்கத்தாவில் அச்சேறிக்கொண்டிருந்த வடமொழி மகாபாரதம் இடையே தடைப்பட்டது. வங்காள ஆசியக் கழகத்தார் அதனை ஏற்று 1839இல் முற்றுவித்தனர். அரசு கைவிட்டதை அறிஞர் தாங்கினர்.

பெந்திங்கு தாயகம் மீண்டபின் கவர்னர் செனரலின் பதவியைத் தற்காலிகமாக வகித்தவர் சேர் சாள்ஸ் மெற்காபு. அச்சகம் நடத்த அரசின் உரிமச்சீட்டு வேண்டுமென்னும் விதியை அவர் நீக்கினார். அச்சிடுவோர் தம் பெயரையும் இடத்தையும் பதிவுசெய்தாற் போதும் என்னும் அச்சட்டத்தை வரைந்தவரும் மெக்காலேயே. செப்ரெம்பர் 15ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

இவ்விரு பொருளையும் பற்றிப் பன்னீராண்டு முன்னரே குரலெழுப்பியவர் இராசா ராம்மோகன்ராய். புதிய வடமொழிக் கல்லூரிக்காகும் பணத்தைக் கணிதம், இரசாயனம், உடற்கூறு முதலியன கற்பித்தற்குச் செலவிடுமாறு 1823இல் அமேர்ஸ்டுப் பிரபுவுக்கு எழுதினார். அதே ஆண்டில் அச்சகக் கட்டுப்பாட்டை எதிர்த்து முறையிட்டுத் தம் பாரசீகப் பத்திரிகையையும் நிறுத்தினார். உபநிடதங்களை வங்காளத்தில் மொழிபெயர்த்து அச்சேற்றியவரும் அவரே. புதுக்கலையை வேண்டுவார் பழநூலை இகழவேண்டுவதில்லை என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. இவ்வேறுபாட்டை மெக்காலே உணர்ந்திலர்.

திறந்த கதவத்தின் பயனை ஆள்வோர் பின்னர் உணர்ந்தனர். 1878இல் லிட்டன் பிரபு பத்திரிகைகளுக்கு விலங்கிட்டார். அவ்விலங்கு சுதேசமொழிப் பத்திரிகைகளுக்கே; ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு இல்லை. கலையறிவற்றன என ஒதுக்கிய மொழிகளை அரசு அஞ்சியவாறு காண்க! ரிப்பன் பிரபுவின் ஆட்சியில், 1882இல், அச்சட்டம் நீங்கியது.

இரு கதவங்களின் வழியும் சென்று பயன்கொண்டார்க்கு நம்மவருள் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். ஆங்கிலக் கல்வி தந்த பதவியில் அவர் அமைந்துவிடவில்லை. செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொகுத்து, தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் அச்சிற் பதிப்பித்தார். மெக்காலே வகுத்த கல்வி, மெக்காலே எதிர்பாராத பணிக்குக் கருவியாயிற்று.

ஒரு மொழியின் வாழ்வை அரசு தரும் மானியம் மட்டும் அறுதியிடுவதில்லை. பதிப்பிக்க ஒருவரும் பயில ஒருவரும் உள்ளவரை அது வாழும். பதிப்பித்தார் தங் கடனை ஆற்றிச் சென்றனர். பயிலுங் கடன் மாணாக்கருடையது. பயிற்றுங் கடன் ஆசிரியராகிய எம்முடையது.