உட்கார்ந்து எழுந்த உயரம்

கெல்லி ஒலினிக்கின் கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவின் கன்சாகா பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் முதல் வருடம் அவர் எடுத்தது ஆட்டத்துக்குச் சராசரி 3.8 புள்ளி. இரண்டாம் வருடம் 5.8. மூன்றாம் வருடம், அதாவது 2011-12 சீசனில், ஓர் ஆட்டத்தில்கூட அவர் இறங்கவில்லை. அடிபடவில்லை, படிப்பில் கோட்டை விடவில்லை, தண்டனையும் இல்லை. கோச்சோடு பேசி, சம்மதித்து, உட்கார்ந்தார். நான்காம் வருடம் எழுந்து வந்தபோது 17.8 புள்ளி, 7.3 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது). எறிந்த பந்துகளில் 62.9 சதவீதம் கூடைக்குள் விழுந்தன. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தேர்ந்தெடுத்த அந்த வருடத்தின் முதல் ஐவரில் அவருக்கும் இடம் கிடைத்தது.

அன்றைக்குப் பிடித்தது சனி. அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டு எழுகிற ஒவ்வொரு நெட்டையான பையனிடமும் ரசிகர்கள் ஒலினிக்கையே தேடுகிறார்கள். அக்டோபர் பிறந்தால் போதும், “பயிற்சியில் அசத்துகிறானாம்” என்ற பேச்சு கிளம்பிவிடும். பயிற்சியில் அசத்தாத பையனை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

இப்படி உட்காருவதற்கு அங்கே ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதிப்படி, ஒரு மாணவருக்கு ஐந்து வருட அவகாசம். அதற்குள் நான்கு சீசன் ஆடலாம். மிஞ்சும் ஒரு வருடத்தை எங்கே செலவழிப்பது என்பதுதான் கேள்வி. அந்த வருடத்தில் பயிற்சி உண்டு, உடற்பயிற்சிக் கூடம் உண்டு, ஸ்காலர்ஷிப் உண்டு, வகுப்பும் உண்டு. ஆட்டம் மட்டும் கிடையாது. பெயர் வந்த கதையை நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். 1937-ல் அங்கே அமெரிக்கக் கால்பந்து ஆடிய வாரன் ஆல்ஃப்சன், அந்த வருடம் பயிற்சி மட்டும் செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பயிற்சியில் அவர் போட்டிருந்தது எண் இல்லாத சிவப்புச் சட்டை. சட்டை போய்விட்டது, சொல் நின்றுவிட்டது.

எல்லா வீரர்களுக்கும் இந்த வழி திறந்திருந்தாலும், கூடைப்பந்தில் இது அதிகம் பொருந்துவது கூடைக்கடியில் நிற்கும் ‘சென்டர்’ எனப்படும் உயரக்காரர்களுக்குத்தான். காரணம் உடம்பு. ஆறடிப் பையன் பதினெட்டு வயதில் தன் உடம்போடு பழகி முடித்திருப்பான். ஏழடியைத் தொடுகிறவனுக்கு அப்படியில்லை. இரண்டு மூன்று வருடங்களில் கிடுகிடுவென்று வளர்ந்திருப்பான்; கை எங்கே முடிகிறது, கால் எங்கே ஊன்றுகிறது என்று அவனுக்கே முழுசாகத் தெரியாது. பள்ளியில் அது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது. எதிரே நிற்பவன் அவன் தோளுயரம்தான். கையைத் தூக்கினாலே பந்து கிடைத்துவிடும். கல்லூரிக்கு வந்தால், இருபத்திரண்டு வயதுக்காரன் ஒருவன் இடுப்பைத் தாழ்த்தி, முதுகால் தள்ளி, இடத்தைப் பிடித்துக்கொள்வான். இன்னொரு பக்கம், எதிரணியின் குட்டையான வேகக்காரன் ஒருவன், தன் சகாவைத் தடுப்பாக நிறுத்தி இந்த நெட்டையனை வெளியே இழுத்து வருவான். திறந்த வெளியில் பக்கவாட்டில் நகரத் தெரியாத கால்களுக்கு அது நரகம். எட்டிப் பிடிக்கப் போவான், ஃபவுல். மறுபடியும் போவான், இரண்டாவது ஃபவுல். ஐந்தானால் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும். முதல் வருட சென்டர்கள் பலருடைய கதை முதல் பாதியின் எட்டாவது நிமிடத்திலேயே பெஞ்சில் போய் முடிவது இதனால்தான்.

உட்காரும் வருடத்தில் இதற்கு மருந்து இருக்கிறது. பளு தூக்குவதை மட்டும் நான் சொல்லவில்லை. ரெட்ஷர்ட் வீரரை அணியின் மாதிரிப் படையில் சேர்த்துவிடுவார்கள். வரப்போகும் எதிரணியின் ஆட்டத்தை நகலெடுத்து, தன் அணியின் முதல் ஐவருக்கு எதிராக ஆடுவது அந்தப் படையின் வேலை. இந்த வாரம் ஓர் அணியின் சென்டராக நடிக்க வேண்டும், அடுத்த வாரம் வேறோர் அணியின் சென்டராக. நான்கைந்து மாதம் இப்படி வேஷம் கட்டினால், அந்தப் பகுதியில் ஆடும் பெரிய உடம்புகள் எல்லாருடைய பழக்கவழக்கமும் கைக்கு வந்துவிடும். கைதட்டுவதற்கு ஆள் இல்லாத நாடகம் அது. பொறுமையில்லாதவனுக்குச் சிறை.

ஒலினிக் கதையில் விசேஷம் என்னவென்றால், அவர் நெட்டையாகப் பிறந்து சென்டராக வளர்ந்தவர் அல்ல. டொரன்டோவில் பிறந்து, கனடாவின் மேற்கே காம்லூப்ஸ் ஊரில் வளர்ந்தவர். அப்பா கென் ஒலினிக் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துக் கோச்சாக இருந்தவர். அம்மா ஆர்லீன் டொரன்டோ ராப்டர்ஸ் ஆட்டங்களில் ஸ்கோர் எழுதியவர். வீட்டுக்குள்ளேயே பந்து உருண்ட குடும்பம். பையன் பள்ளியில் பாயிண்ட் கார்டு: பந்தைக் கொண்டுவந்து, ஆட்டத்தை நடத்தி, பிறருக்குப் பங்கு போடும் வேலை. பள்ளி முடிவதற்குள் ஆறடி மூன்று அங்குலத்திலிருந்து ஆறடி பத்து அங்குலத்துக்குப் போய்விட்டார். மூளை பாயிண்ட் கார்டாகவே இருக்க, உடம்பு மட்டும் சென்டராகிவிட்டது. 2010-ல் கனடாவின் சீனியர் அணியோடு துருக்கி உலகப் போட்டிக்குப் போய்வந்தவர்தான் அவர். ஆனாலும் கல்லூரி அணியில் கூடையிலிருந்து தள்ளி நின்று தூரத்திலிருந்து எறிகிற, இடித்தால் விலகிக்கொள்கிற உயரக்காரராகத்தான் இரண்டு வருடம் ஓடியது.

மூன்றாம் வருடம் கன்சாகாவில் உயரக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ராபர்ட் சாக்ரே கடைசி வருடத்தில் இருந்தார், ஜெர்மனிக்காரர் ஈலையஸ் ஹாரிஸும் இருந்தார். ஒலினிக் இறங்கினாலும் பத்துப் பதினைந்து நிமிடத்தைத் தாண்டுவது கஷ்டம். அப்படியொரு வருடத்தை எரிப்பதைவிடச் சேமித்து வைப்பது மேல் என்று முடிவானது. உடற்பயிற்சிக் கோச் டிராவிஸ் நைட்டிடம் அவரை ஒப்படைத்தார்கள். தசை ஏற்றியதோடு, வளர்ந்த உடம்பும் மூளையும் மறுபடி ஒத்துப்போவதற்கான ஒருங்கிணைப்புப் பயிற்சிகளுக்கும் அந்த வருடம் செலவானது. வெளிப்பார்வைக்குக் கேலியாகத் தெரிந்திருக்கும்; ஏழடி மனிதருக்குத் தன் காலைத் தூக்கி வைக்கச் சொல்லித்தருவதுபோல. ஆனால் என்ன கோளாறு என்று கண்டுபிடித்து, அதற்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். அந்தக் கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பந்தை ஆளும் கை ஏற்கெனவே இருந்தது. பள்ளியில் கற்ற பார்வையும் இருந்தது. குறை ஒன்றே ஒன்று. அதைச் சரிசெய்ய ஒரு வருடம் போதுமானதாக இருந்தது.

சாக்ரே 2012-ல் படிப்பு முடித்துப் போனார். இடம் காலியானது. ஒலினிக் எழுந்தார். 2013 மார்ச்சில் கன்சாகா தன் சரித்திரத்தில் முதன்முறையாக நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. தேசியப் போட்டியில் மட்டும் சீக்கிரமே வெளியேறியது. விச்சிட்டா ஸ்டேட்டிடம் 76-70 என்று தோற்ற அந்த ஆட்டத்திலும் ஒலினிக் 26 புள்ளி எடுத்தார். அந்தக் கோடையில் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் தேர்வில் 13-வது ஆளாகப் போய், பாஸ்டன் செல்டிக்ஸில் சேர்ந்தார்.

இப்போது வேறொரு கணக்கு. இண்டியானா மாநிலத்துப் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2021-22-ல் உட்கார்ந்தவர் டிரே காஃப்மன்-ரென். அந்த வருடம் அங்கே ஏழடி நான்கு அங்குல சாக் ஈடியும், டிரெவியன் வில்லியம்ஸும் இருந்தார்கள். எழுந்து வந்த வருடம் காஃப்மன்-ரென் எடுத்தது சராசரி 4.6 புள்ளி. அதற்கடுத்த வருடம் 6.4. ரெட்ஷர்ட் வீணாய்ப் போயிற்று என்று எழுதி முடித்திருக்கலாம். ஈடி 2024-ல் பர்டூவை இறுதி ஆட்டம்வரை கொண்டுபோய்விட்டு என்.பி.ஏ.வுக்குக் கிளம்பினார். 2024-25-ல் காஃப்மன்-ரென்னின் சராசரி 20.1.

உட்கார்ந்த வருடத்துக்கும் பலன் வந்த வருடத்துக்கும் நடுவே முழுதாக இரண்டு சீசன். விதைத்தவன் அடுத்த மாதமே அறுக்கப் போனால் கையில் பச்சைதான் வரும். இதில் இன்னொன்றும் தெரிகிறது. ஒலினிக்குக்குச் சாக்ரே போன மறுவருடமே வாசல் திறந்தது. காஃப்மன்-ரென்னுக்கு ஈடி போகும்வரை திறக்கவில்லை. உட்கார்ந்தவர் எவ்வளவு வளர்ந்தார் என்று கேட்பதற்கு முன்னால், அவருக்கு முன்னால் நின்றவர் எப்போது போனார் என்று கேட்பது நல்லது.

விரும்பி உட்கார்வது ஒருபக்கம். உடம்பு உட்கார வைப்பது மறுபக்கம். அதற்கும் விதியில் இடமிருக்கிறது: சீசனின் முதல் பாதியிலேயே காயப்பட்டு, முப்பது சதவீதத்துக்கு மேல் ஆட்டங்களில் இறங்காமல் இருந்தால், அந்த வருடத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதே கன்சாகாவில் பிரெமெக் கர்னோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர். ஏழடி ஒரு அங்குலம், 135 கிலோவுக்கு மேல். ஒலினிக் ஜொலித்த அந்த 2012-13 சீசனில் அவருக்குப் பின்னால் முதல் வருட மாணவராக நின்றவர் இவர்தான். 2015-16-ல் ஐந்து ஆட்டம் ஆடியதும் முதுகு விட்டுவிட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு தொற்று வந்து, ஏறத்தாழ 27 கிலோ கரைந்தது. நடையையே புதிதாகப் பழக வேண்டியிருந்தது.

இப்படிப்பட்டவரிடம் என்ன எதிர்பார்ப்பது? எழுந்து நின்றாலே போதும் என்றுதான் யாரும் சொல்வார்கள். 2016-17-ல் அவர் 12.2 புள்ளி, 5.8 ரீபவுண்ட் எடுத்தார். கன்சாகா முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போனது. நாட்டின் சிறந்த சென்டருக்கான கரீம் அப்துல்-ஜபார் விருதும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் வட கரோலினாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் எட்டு முறை எறிந்து ஒன்றுதான் உள்ளே போனது. கன்சாகா 71-65 என்று தோற்றது. அந்த ஓர் இரவை வைத்து அவரை அளந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த அளவுகோல் பிடிக்கவில்லை. கல்லூரி வாழ்க்கையில் மொத்தம் 137 வெற்றிகளில் பங்கெடுத்தவர். அன்றைக்கு அது முதல்நிலைக் கல்லூரிக் கூடைப்பந்தின் சாதனை.

பணம் வந்தபிறகு இந்த உட்காரும் வழக்கமே ஆட்டம் காண்கிறது. 2021 ஜூலையிலிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடக்கூடாது என்ற பழைய தடையும் தளர்ந்து தளர்ந்து, 2024-ல் ஏறக்குறைய இல்லாமலே போனது. 2025-26-லிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாக வருமானப் பங்கு கொடுக்கின்றன. ஐந்து வருடத்திலும் ஆடவிட்டால் என்ன என்ற பேச்சும் கிளம்பியிருக்கிறது. அது விதியானால் ரெட்ஷர்ட் என்ற சொல்லுக்கே வேலை இருக்காது. பத்தொன்பது வயதுப் பையன், பக்கத்து மாநிலத்துக் கல்லூரி நிமிடமும் பணமும் தர நிற்கும்போது, எதற்காக மாதிரிப் படையில் வேஷம் கட்ட வேண்டும்? கல்லூரியும்தான் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

பர்டூவையே பாருங்கள். 2024 நவம்பரில், இரண்டாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே காலெலும்பு முறிந்து அந்த சீசனை இழந்தார் ஏழடி நான்கு அங்குல டேனியல் ஜேகப்சன். அடுத்த கோடையில் அமெரிக்காவின் பத்தொன்பது வயதுக்குட்பட்ட அணியோடு உலகப் பட்டம் வென்று திரும்பினார். அதற்குள் பர்டூ, சவுத் டகோட்டா ஸ்டேட்டிலிருந்து ஆஸ்கர் கிளஃப் என்ற ஆஸ்திரேலியச் சென்டரைக் கொண்டுவந்திருந்தது. ரீபவுண்டில் நாட்டின் முன்வரிசையில் இருந்தவர். கல்லூரியைக் குறை சொல்ல முடியாது. ஒரு காலை நம்பி ஒரு சீசனை யாரும் அடகு வைக்க மாட்டார்கள். ஆனால் திரும்பிவரும் பையனுக்கு இனி வாசலில் இன்னொரு நெட்டையர் நிற்பது வழக்கமாகிவிடும்.

அப்படியானால் எழுந்து வருபவரிடம் எதை எதிர்பார்ப்பது? என்னைக் கேட்டால் முதல் வருடம் புள்ளியைக் கேட்கவே கூடாது. நாற்பது நிமிட ஆட்டத்தில் இருபது நிமிடம் ஃபவுலில் சிக்காமல் களத்தில் நிற்கிறாரா? பந்து கைமாறியதும் அடுத்த கூடைக்கு ஓடிச் சேர்கிறாரா, மூச்சு வாங்கி நடுக்கோட்டில் நிற்கிறாரா? வேகக்காரன் வெளியே இழுக்கும்போது கையை நீட்டுகிறாரா, காலை நகர்த்துகிறாரா? உட்கார்ந்த வருடத்தில் உண்மையில் வேலை நடந்ததா என்பது இங்கேதான் தெரியும். காலும் மூச்சும் வந்துவிட்டால் புள்ளி பின்னால் வரும். ஒலினிக்குக்கு மறுவருடம் வந்ததுபோல, காஃப்மன்-ரென்னுக்கு மூன்றாம் வருடம் வந்ததுபோல. சிலருக்கு வராமலும் போகும். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நவம்பரில் சீசன் தொடங்கும். உங்களுக்குப் பிடித்த அணியில் அப்படியொரு உயரக்காரர் எழுந்து வந்திருந்தால், டிசம்பர் முடிகிறவரை ஸ்கோர் அட்டையில் புள்ளிக் கட்டத்தைக் கையால் மூடிக்கொள்ளுங்கள். நிமிடம், ஃபவுல் என்ற இரண்டு கட்டங்களை மட்டும் பாருங்கள்.