மடக்குக் கத்தியின் தூய்மையும் பராமரிப்பும்

அலகும் கைப்பிடியும் ஒரே அச்சாணியில் இணைந்து, வேலை முடிந்ததும் அலகு கைப்பிடிக்குள்ளேயே மடிந்து மறையும்படி அமைந்த கருவியே மடக்குக் கத்தி. சட்டைப்பையில் அச்சமின்றி வைத்துக்கொள்ள உதவும் அந்த அமைப்பே அதன் பராமரிப்பைக் கடினமாக்குகிறது. பழம் நறுக்கிய அலகைத் துடைக்காமல் மடக்கும்போது சாறும் சர்க்கரையும் கைப்பிடியின் உட்குழிக்குள் சென்று தங்க, சட்டைப்பையின் நூல்பிசிறும் மணலும் வியர்வையின் உப்பும் அவற்றோடு சேர்ந்து, நாளடைவில் அச்சாணியைச் சுற்றிக் கெட்டியான பசையாகப் படிகின்றன. அலகு பளபளப்பாக இருப்பதைக் கண்டு கத்தி தூய்மையாக உள்ளது என்று முடிவு செய்வது தவறு. கத்தியின் ஆயுள் கீலில் இருக்கிறது.

இந்த அழுக்கை நீக்கும் முறை, கத்தி எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தே அமைய வேண்டும் என்பதை ஐரோப்பாவின் புகழ்பெற்ற இரு கத்திகள் தெளிவாகக் காட்டுகின்றன. சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் 1884ஆம் ஆண்டில் பட்டறை தொடங்கிய கார்ல் எல்சனர், 1897இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற தம் அதிகாரிகள் கத்தியில், ஆறு கருவிகளை இரண்டே விற்களைக் கொண்டு இயங்கச் செய்தார். வில் என்பது கைப்பிடியின் முதுகில் அமைந்து, அலகை விரிந்த நிலையிலும் மடிந்த நிலையிலும் அழுத்திப் பிடிக்கும் எஃகுப் பட்டை. அலகின் அடிப்பகுதி இந்த வில்லின் மீது உரசும் இடத்தில்தான் தேய்மானம் மிகுதி என்பதால், அங்கே படியும் நுண்மணல் இரண்டையும் அரத்தைப் போல அராவிவிடும்.

எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்காத எஃகாலும் நெகிழிக் கைப்பிடியாலும் இன்று செய்யப்படும் இத்தகைய கத்தியை, வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்புக் கலந்து அமிழ்த்தி, நீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் பலமுறை திறந்து மூடலாம்; பழைய பல்துலக்கியும் மரப்பல்குச்சியும் உட்குழியைச் சுரண்டப் போதுமானவை. நீருக்குள் கூர்விளிம்பு கண்ணுக்குத் தெளிவாகத் தெரியாது என்பதால் விரல்கள் அலகின் முதுகுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பின்னர் நல்ல நீரில் அலசி, எல்லாக் கருவிகளையும் பாதி திறந்த நிலையில் வைத்து முற்றிலும் உலரவிட வேண்டும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் வெப்பத்துக்கும் கடுமையான காரத்துக்கும் இதை உட்படுத்தக் கூடாது.

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் உருவாக்கிய கத்திக்கு இதே முறையைக் கையாண்டால் அது கெட்டுவிடும். அதன் பீச் மரக் கைப்பிடி நீரைக் குடித்து உப்பி, அலகை நகரவிடாமல் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே ஈரத்துணியால் அலகை மட்டும் துடைத்து, குழியை உலர்ந்த தூரிகையால் துப்புரவாக்கி, 1955 முதல் அதில் இடம்பெற்றுள்ள பூட்டு வளையத்தின் அடியில் சேரும் மணலையும் தட்டி அகற்ற வேண்டும். ஈரத்தால் இறுகிய கைப்பிடி, நிழலில் மெல்ல உலர்ந்தாலே பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும்; வெயிலில் காயவைப்பது மரத்தைப் பிளக்கச் செய்யும்.

ஓப்பினெல்லின் மரபுவழி அலகு கார்பன் எஃகால் ஆனது. எவர்சில்வரில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருப்பதால் காற்றோடு சேர்ந்து மிக மெல்லிய காப்புப் படலம் தானாகவே உருவாகிறது; கார்பன் எஃகுக்கு அந்தக் காப்பு இல்லை. எலுமிச்சையோ வெங்காயமோ நறுக்கிய பின் அதில் தோன்றும் சாம்பல் நீலக் கறையைப் பலரும் அழுக்கென்று எண்ணித் தேய்த்து எடுக்கின்றனர். அது உறுதியாகப் படிந்து துருவை ஓரளவு தடுக்கும் படலம். அதை விட்டுவைப்பதே நல்லது. செந்நிறத்தில் உதிரும் துரு வேறு. அது உலோகத்தை அரித்துக் குழியாக்கும் என்பதால், எண்ணெய் தோய்ந்த மிக மெல்லிய இரும்பு நார் கொண்டு உடனே நீக்க வேண்டும்.

எண்ணெய் இடுவதில் நிகழும் பிழை மிகப் பரவலானது. சமையலறையில் கைக்கு எட்டும் நல்லெண்ணெய் காற்றுப் பட்டுக் கெட்டியாகிப் பிசினாக மாறும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைந்துவிடும். உணவு நறுக்கும் கத்திக்கு மருந்துக் கடைகளில் கிடைக்கும் திரவ பாரஃபின் பொருத்தமானது, ஏனெனில் அது எளிதில் கெட்டியாவதில்லை. அலகும் வில்லும் சந்திக்கும் இடத்தில் ஒரு துளி விட்டு, சில முறை திறந்து மூடி, கசிவதைத் துடைத்துவிட வேண்டும். மிகுதியாக இட்ட எண்ணெய் தூசியை இழுத்துப் பழைய பசையையே மீண்டும் உண்டாக்கும்.

சாணை பிடிப்பது தூய்மைக்குப் பின்னரே செய்யத்தக்கது. நனைந்த சாணைக்கல்லில், பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரையிலான சாய்வில், இரு பக்கமும் சம அளவு தேய்த்தால் போதும். வேகமாகச் சுழலும் உலர்ந்த சக்கரம் மெல்லிய அலகைச் சூடேற்றி அதன் கடினத்தன்மையைக் குலைத்துவிடக்கூடும். தீட்டும்போது வழியும் கற்குழம்பு கீலுக்குள் இறங்கியிருந்தால் அதையும் துடைத்தெடுக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அலகு பக்கவாட்டில் ஆடினாலோ, வில் தளர்ந்து அலகைப் பிடிக்கத் தவறினாலோ, பூட்டு வழுக்கினாலோ, அந்தக் கத்தியைச் சீர்செய்யும் வரை பயன்படுத்தக் கூடாது. அழுத்தி நறுக்கும் நேரத்தில் அலகு விரல்களின் மீதே மடிந்துவிடும்.